பதில்: க்ளீனிங் செய்து 2 மாசத்துல மறுபடியும் ஈறுல ரத்தம்

பெரம்பூர் நண்பருக்கு,

க்ளீனிங் செய்தும் ரத்தம் நிக்கல, மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். பல்லுல ஒட்டின கிருமிப் படலத்துக்குள்ள மாத்திரை சரியா இறங்காது. நிறுத்தினதும் பழைய கதைதான்.

ஈறு வீங்குறதுக்குப் பெரும்பாலும் காரணம் உங்க உடம்பு அனுப்புற படைதான். ஈறு விளிம்புல நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணுக்கள் எப்பவும் காவல் நிக்கும். படலம் தடிச்சா, காற்று எட்டாத அடுக்குல போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்ங்கிற பாக்டீரியா குடியேறும். அது பெரிய கில்லாடி. கிருமியை எதிர்க்க ரத்தத்துல இருக்குற காம்ப்ளிமென்ட் புரதங்கள்ல ஒண்ணான சி5-ஐ என்சைமால வெட்டி, நியூட்ரோஃபிலோட கொல்லும் வேலையை முடக்கும். ஆனா அழற்சியை, அதாவது ஈறு சிவந்து வீங்குறதை, அணைக்காது. ஏன்னா அதுல கசியுற புரதமும் ரத்தத்தோட இரும்பும்தான் அதுக்குச் சாப்பாடு.

அதனால படலத்தைத் தினமும் கலைக்கணும். மெத்துன்னு இருக்குற பிரஷ், ஈறு விளிம்புல 45 டிகிரி சாய்வு, 2 நிமிஷம். இடுக்குக்கு இன்டர்டென்டல் பிரஷ். ரத்தம் வருதேன்னு அந்த இடத்தை விட்டுடுறதுதான் வழக்கமான தப்பு. அங்கதான் படலம் சேருது. உப்புத்தூள் தேய்க்கிறதை விடுங்க, ஈறு தேயும். குளோர்ஹெக்ஸிடின் 0.2% மவுத்வாஷ் வேணும்னா 10 மில்லி, 1 நிமிஷம் கொப்பளிங்க, தினம் 2 வேளை, பல் தேய்ச்சு அரை மணி கழிச்சு. 2 வாரத்துக்கு மேல போனா பல் பழுப்பாகும்.

அப்பவும் குறையலைன்னா, கோட்டை ஸ்டேஷன் எதிர்ல இருக்குற அரசு பல் மருத்துவக் கல்லூரியில பாக்கெட் ஆழம் (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி) அளக்கச் சொல்லுங்க. 3 மில்லிமீட்டர் வரை சரி. 5 தாண்டினா பிரஷ் எட்டாது, வேர் வரை சுத்தம் செய்யணும். சுகர் கூடியிருந்தாலும் ஈறு ஆறாது, அதனால ஹெச்பிஏ1சியும் (சுமார் 3 மாச சராசரி சுகர் டெஸ்ட்) பார்த்துடுங்க.