ஒபிஸ் கேபிள் தொல்லைகள்: கேள்வி பதில்

ஹட்டன், கொமியுனிகேஷன் கடைக்காரர்: அண்ணே, ஒரு கொம்பியூட்டருக்கு மட்டும் நெட் வரவில்லை. ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. விண்டோஸைத் திரும்பப் போடவா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. அது ரௌட்டர் கொடுத்த முகவரி இல்லை. கேட்டுப் பார்த்து யாரும் பதில் சொல்லாததால் மெஷின் தானே வைத்துக்கொண்டது. பின்னால் கேபிள் குத்தும் இடத்தில் லைட் எரிகிறதா? நன்றாக ஓடும் பக்கத்து மெஷினின் கேபிளை இதில் குத்திப் பாருங்கள். நெட் வந்தால் பிழை பழைய கேபிளில் அல்லது எல்லாக் கேபிளும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் அது குத்தியிருக்கும் ஓட்டையில் (போர்ட்டில்). அப்போதும் லைட் எரியாவிட்டால் மெஷினின் போர்ட்டைச் சந்தேகப்படலாம். விண்டோஸ் பாவம், அதை விட்டுவிடுங்கள்.

மஸ்கெலியா, தோட்ட ஒபிஸ் கிளாக்கர்: ஒபிஸிலிருந்து பெக்டரிக்கு மரத்தில் கட்டி 130 மீட்டர் கேபிள் இழுத்திருக்கிறோம். மழை வந்தால் லைன் விழுகிறது. இடியில் இரண்டு சுவிட்சும் போய்விட்டன. விலை கூடிய சுவிட்ச் வாங்கலாமா?

பதில்: வாங்கினால் அதுவும் போகும் சேர். செப்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. அதற்கு மேல் ஓடினால் அது உங்கள் அதிர்ஷ்டம். கட்டடத்துக்குள் இழுக்கும் சாதாரணக் கேபிள் என்றால் வெயிலில் உறை வெடித்துத் தண்ணீர் இறங்கும். கேபிள் முனையிலுள்ள கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள், களிம்பு பிடித்திருக்கலாம்.

மின்னல் கேபிளிலேயே விழ வேண்டும் என்றில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீளமான கம்பியில் மின்சாரம் தூண்டப்பட்டு இரண்டு பக்கத்துப் பெட்டியையும் முடித்துவிடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கத்துப் பின்னேர இடியை நான் சொல்லத் தேவையில்லை. கட்டடங்களுக்கு நடுவே பைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. தாங்குவதற்கு இரும்புக் கம்பி வைத்த வகையும் கடையில் இருக்கும், அதை வாங்க வேண்டாம். இரு முனையிலும் ஒவ்வொரு மீடியா கொன்வேர்ட்டர், அதாவது பைபரையும் செப்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி, வேண்டும். நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து நீட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். தேயிலைக்கு நடுவில் கரண்டுக்கு எங்கே போவது? வைத்தாலும் மின்னலுக்கு இன்னொரு பெட்டிதான்.

பண்டாரவளை, கணக்காளர் ஒபிஸ்: கிளிப் புதிதாக அடித்த பிறகு 1000 காட்டிய வேகம் 100 காட்டுகிறது. ஏன்?

பதில்: அக்கா, 100க்கு நான்கு கம்பி போதும், 1000க்கு எட்டும் வேண்டும். நீலச் சோடியோ பிரவுண் சோடியோ சரியாகப் பிடிக்கவில்லை. வெட்டிவிட்டு இந்த வரிசையில் அடிக்கச் சொல்லுங்கள்: வெள்ளை-ஓரஞ்ச், ஓரஞ்ச், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுண், பிரவுண். மறுமுனையும் இதே வரிசையில் இருக்க வேண்டும்.

பதுளை, டியூஷன் வகுப்பு: அறையைக் கூட்டிய பிறகு எல்லா மெஷினும் நின்றுவிட்டன. சுவிட்சில் எல்லா லைட்டும் வெறிபிடித்த மாதிரி மின்னுகின்றன.

பதில்: கீழே கிடந்த வயரை யாரோ நல்ல மனதோடு எடுத்துக் குத்தியிருக்கிறார்கள். ஒரே கேபிளின் இரு முனையும் அந்தச் சுவிட்சிலேயே இருக்கும். ஒன்றைப் பிடுங்குங்கள்.

தலவாக்கலை, பாமசி: வைபைக்கு இன்னொரு ரௌட்டர் பூட்டியதிலிருந்து சில மெஷினுக்கு நெட் வருகிறது, சிலதுக்கு இல்லை.

பதில்: இரண்டு ரௌட்டரும் முகவரி கொடுக்கின்றன. புதியதில் முகவரி கொடுக்கும் வேலையை, அதாவது டிஎச்சிபியை (DHCP), நிறுத்துங்கள். இரண்டு ரௌட்டரின் சொந்த முகவரியும் 192.168.1.1 என்றிருந்தால் புதியதை 192.168.1.2 ஆக்குங்கள், அதை வேறு மெஷின் எடுத்திருக்கக் கூடாது. பழைய ரௌட்டர் பக்கமிருந்து வரும் கேபிளைப் புதியதில் வேன் (WAN) என்று எழுதிய ஓட்டையில் குத்தாமல் லேன் (LAN) ஓட்டையில் குத்துங்கள். அப்புறம் எல்லா மெஷினையும் ஒருமுறை ஓஃப் செய்து போடுங்கள்.