இரட்டைச் சுவரும் துருவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எண்ணெய்க் கப்பல்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் 'சர்வதேசப் பாதுகாப்பு விதிகளில் சிலவற்றை ரத்து செய்வதே நல்லது' என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது செரிக்கவில்லை. 1970களில் ஆண்டுக்கு எழுபது, எண்பது என்றிருந்த எண்ணெய்க் கசிவுகள் இப்போது ஆறேழாகக் குறைந்தது விதிகளால்தானே? நான் இலங்கையின் கிழக்குக்கரை அக்கரைப்பற்றுக்காரன். 2020 செப்டம்பரில் சங்கமன்கண்டிக்குக் கிழக்கே நியூ டயமண்ட் கப்பல் எரிந்தபோது எங்கள் மீனவர்கள் எப்படிப் பயந்துபோயிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். 2,70,000 தொன் மசகெண்ணெய் (கச்சா எண்ணெய்) அதில் இருந்தது. அந்தச் சரக்கு கடலில் கலக்கவில்லை. கப்பலின் உடலுக்கு இரட்டைச் சுவர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விதிகளைத் தளர்த்தச் சொல்வது எண்ணெய்க் கம்பெனிகளின் குரல் அல்லவா?

ரா., அக்கரைப்பற்று

அன்புள்ள ரா.,

நியூ டயமண்டில் தீப்பிடித்தது இயந்திர அறையில். கொதிகலன் வெடித்து பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்தார். கப்பல் எதன்மீதும் மோதவில்லை, பாறையில் ஏறவும் இல்லை. வெளித்தகடு கிழிந்தால் உள்தகடு தாங்கட்டும் என்பதற்காக வைத்ததுதான் இரட்டைச் சுவர். மோதலோ தரைதட்டலோ இல்லாத விபத்தில் அதற்கு வேலையே இல்லை. உங்கள் கடலைக் காப்பாற்றியது, நாள்கணக்கில் தீயோடு மல்லுக்கட்டிய இலங்கைக் கடற்படை, இந்தியக் கடலோரக் காவல்படை, இழுவைக் கப்பல்கள். கூடவே, சரக்குத் தொட்டிகளில் எண்ணெய்க்கு மேலே ஆக்சிஜன் குறைந்த வாயுவை நிரப்பி வைக்கும் ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 1969 டிசம்பரில் ஒரே மாதத்துக்குள் மார்பெசா, மாக்ட்ரா, கோங் ஹாகோன் என்ற மூன்று ராட்சதக் கப்பல்கள் தொட்டி கழுவும்போது வெடித்த பிறகு, 1970களில் சர்வதேச விதியாக வந்தது அது. அந்த விதிமேல் யாரும் கைவைக்க வேண்டாம்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 7 டன்னுக்கு மேற்பட்ட கசிவுகள் 1970களில் ஆண்டுக்குச் சராசரி 79, 1980களில் 45. சர்வதேச இரட்டைச் சுவர் விதியோ 1993 ஜூலைக்குப் பிறகு ஒப்பந்தமான கப்பல்களுக்குத்தான் வந்தது. பெரிய சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பிந்தைய சரிவில் அதற்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. மெதுவாகப் போகும் கப்பல் தரைதட்டினால் அது நன்றாகவே காக்கும்.

என் சண்டை வேறு இடத்தில். 1989இல் எக்ஸான் வால்டெஸ் அலாஸ்காவில் பாறையில் ஏறியது. அடுத்த ஆண்டே அமெரிக்கா இரட்டைச் சுவரைக் கட்டாயமாக்கியது. 1992இல் ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. அதையே, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தது. பிறகு 1999 டிசம்பரில் எரிகா, 2002 நவம்பரில் பிரெஸ்டீஜ். இரண்டும் பாறையில் ஏறவில்லை. வயதான கப்பல்கள், திறந்த கடலில் புயலில் உடைந்தன. எரிகாவில் சேதம் தொடங்கியது துருவேறிய பாலாஸ்ட் தொட்டியில். பிரெஸ்டீஜிலும் முதலில் விட்டுக்கொடுத்தது வலப்பக்க பாலாஸ்ட் தொட்டிப் பகுதிதான். பாலாஸ்ட் தொட்டி என்றால், சரக்கில்லாதபோது கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீர் ஏற்றும் தொட்டி. ஒரு பயணம் உப்புநீர், அடுத்த பயணம் ஈரக்காற்று. இரும்பு அரிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

இந்த இரண்டு விபத்துகளுக்கும் உலகம் சொன்ன பதில் என்ன தெரியுமா? ஒற்றைச் சுவர்க் கப்பல்களை இன்னும் சீக்கிரம் ஓரங்கட்டுவது! இரட்டைச் சுவரின் நடுவில் இருக்கும் இரண்டு மீட்டர் இடுக்கு முழுக்க பாலாஸ்ட் தொட்டிதான். துருவால் செத்த கப்பலுக்குப் பதிலாகத் துருப்பிடிக்கும் பரப்பு பல மடங்கு கூடிய கப்பலைக் கட்டச் சொன்னார்கள். சூடான எண்ணெய் ஏற்றினால் அந்த இடுக்கு பிளாஸ்க் மாதிரி வெப்பத்தைப் பிடித்துவைக்கும், அரிப்பும் கூடும். அங்கே 15 ஆண்டு தாங்கும் பூச்சு வேண்டும் என்ற தெளிவான தரம் 2008 ஜூலைக்குப் பின் ஒப்பந்தமான கப்பல்களுக்குத்தான். உள்தகட்டில் மயிரிழை விரிசல் விட்டால் எண்ணெய் ஆவி அந்த இடுக்கில் சேரும். அதை மோப்பம் பிடிக்கும் கருவி இப்போது புதிய பெரிய எண்ணெய்க் கப்பல்களில் கட்டாயம், ஆனால் அங்கே எந்நேரமும் மந்த வாயுவை (முன்பு சொன்ன ஆக்சிஜன் குறைந்த வாயு) நிரப்பி வைக்கச் சொல்லி விதி இல்லை.

அந்த இடுக்குக்குள் டார்ச்சோடு தவழ்ந்து போய்ப் பார்க்க வேண்டியவர் கிளாஸ் சர்வேயர். கிளாஸ் என்றால், கப்பலைச் சோதித்துத் தரச் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனம். எந்த கிளாஸ் என்று தேர்ந்தெடுப்பவரும் அதற்குக் காசு கொடுப்பவரும் கப்பல் முதலாளி. இந்த கிளாஸ் கெடுபிடி செய்தால் அடுத்த கிளாஸுக்குப் போகலாம். எரிகா, பிரெஸ்டீஜ் இரண்டுக்கும் செல்லுபடியான சான்றிதழ் இருந்தது. எரிகா வழக்கில் பிரெஞ்சு நீதிமன்றங்கள் முதலாளியோடு நிற்காமல், சரக்குக்காகக் கப்பலை அமர்த்திய டோட்டல் எண்ணெய் நிறுவனத்தையும் சான்றிதழ் கொடுத்த ரீனா என்ற இத்தாலிய கிளாஸையும் குற்றவாளிகளாக அறிவித்தன. கடலில் அப்படி நடப்பது அபூர்வம்.

ஆகவே, எண்ணெய்க் கம்பெனிகளின் குரலா என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது நேர் எதிர். இன்ன வடிவத்தில் கட்டு, இன்ன தாளை வைத்துக்கொள் என்று சொல்லும் விதிகள் முதலாளிக்கு மிக வசதி. கப்பல் உடைந்த பிறகு 'விதிப்படிதானே கட்டினோம்' என்று சொல்லிவிடலாம்.

இப்படிப் பக்கவிளைவு தரும் இன்னொரு விதி, கரியமில வாயுவைக் குறைக்க 2013இல் வந்த எரிபொருள் திறன் குறியீடு. அந்தக் குறியீட்டை எட்டச் சுலபமான வழி சின்ன இன்ஜின் போடுவது. சின்ன இன்ஜின் போட்ட பெரிய டேங்கர் புயலில் கரையை விட்டு விலக முடியாமல் திணறும் என்பதால், அதே ஆண்டே 'குறைந்தபட்ச சக்தி இவ்வளவாவது வேண்டும்' என்று தனி வழிகாட்டுதல் எழுதினார்கள். விதியின் ஓட்டையை அடைக்க இன்னொரு விதி. டேங்கர்களைப் பொறுத்தவரை இதை ரத்து செய்து, எரிபொருளுக்கே வரி போட்டுவிட்டுப் போகலாம்.

இரட்டைச் சுவரையே இடிக்கச் சொல்கிறேனா? இல்லை. அது ஒன்றுதான் வழி என்பதை நீக்கச் சொல்கிறேன். நடுத்தளக் கப்பல் என்று ஒரு வடிவம் உண்டு. பக்கவாட்டில் இரட்டைச் சுவர், அடியில் ஒற்றைத் தகடு, சரக்குத் தொட்டியை நடுவில் மேல், கீழ் என்று பிரிக்கும் ஒரு தளம். கீழ்த்தொட்டியில் எண்ணெயின் உயரம் குறைவு, அதனால் அடித்தகட்டில் எண்ணெய் கொடுக்கும் அழுத்தத்தைவிட வெளியே கடலின் அழுத்தம் அதிகம். அடி கிழிந்தால் கடல்நீர்தான் உள்ளே ஏறும். பாலாஸ்ட் பரப்பும் குறையும். ஐ.எம்.ஓ. இதை இரட்டைச் சுவருக்குச் சமமானது என்று ஏற்றது, அமெரிக்கா ஏற்கவில்லை. அமெரிக்கத் துறைமுகத்துக்குள் நுழைய முடியாத கப்பலை எந்த முதலாளி கட்டுவான்? யாரும் கட்டவில்லை.

முதலில் எதை ரத்து செய்வது என்று என்னிடம் விட்டால், இரட்டைச் சுவர் மட்டும்தான் என்ற இந்த அமெரிக்க விதியைத்தான் சொல்வேன். இதற்கு ஐ.எம்.ஓ.வின் நூற்றுச் சொச்சம் நாடுகளும் கூடிப் பேச வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தில் அந்தப் பிரிவை அமெரிக்கக் காங்கிரஸ் திருத்தினால் போதும்.