அய்யனார் எப்போது செத்தார்?

கேள்வி: குதிரைச் சிலையில் முன்னங்கால் இரண்டும் தூக்கியிருந்தால் வீரன் போரில் இறந்தான், ஒரு கால் மட்டும் என்றால் காயம்பட்டு இறந்தான், நாலும் தரையில் இருந்தால் இயற்கை மரணம் என்று வாட்ஸப்பில் வந்தது. எங்கள் பக்கத்து அய்யனார் கோயில் குதிரைகளுக்கும் இதே கணக்குதானா?
- ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: அய்யனாரையே சாகடித்துவிட்டீர்களே ஐயா!

அந்தக் கணக்கு அசலூர்ச் சிலைகளுக்கே சரிவராது. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் பீட்டர் மன்னரின் குதிரை இரண்டு காலையும் தூக்கித்தான் நிற்கிறது. அவர் 1725இல் நோயில் இறந்தவர். வாஷிங்டனில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் குதிரையும் அப்படியே. அவர் 1845இல் தன் வீட்டில் கண்மூடினார். சிற்பியின் கவலை சாவைப் பற்றியது அல்ல, பாரத்தைப் பற்றியது. பீட்டரின் குதிரை வால், கீழே நெளியும் பாம்பைத் தொட்டு முட்டுக் கொடுக்கிறது. நம் ஊர்ச் சுதைக் குதிரைக்கு வயிற்றடியில் ஒரு பூதம் முட்டுக் கொடுக்கும். வேளார் வனையும் மண்குதிரைக்கு அந்த வசதியும் கிடையாது. உள்ளே கூடாக, குழாய் மாதிரி நாலு கால் வைத்து அதன்மேல் உடம்பை ஏற்றுகிறார். நாலும் தரையில் நின்றால்தான் குதிரை நிற்கும்.

சரி, அப்படியானால் குதிரைக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. உங்கள் கடற்கரையிலேயே இருக்கிறது. நல்ல குதிரை இந்த மண்ணில் பிறந்ததில்லை. அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. பாண்டிய அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குவான், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ சொல்கிறார். சோற்றோடு இறைச்சியை வேகவைத்துப் போட்டார்களாம். லாடம் அடிக்கத் தெரிந்த ஆளை வியாபாரிகள் இங்கே வரவே விடவில்லையாம். (செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்!)

அரண்மனைக்கே கட்டுப்படியாகாத அந்தப் பிராணியை, மழைக்கும் பிள்ளைக்கும் நேர்ந்துகொண்ட ஒரு சம்சாரி மண்ணில் செய்யச் சொல்லி, புரவி எடுப்பு அன்று தூக்கிக்கொண்டு போய் எல்லைச்சாமிக்குக் கொடுக்கிறார். சாமி ராத்திரி ஊரைச் சுற்றிக் காவல் காக்க வேண்டுமே! அப்புறம், அந்த மண்குதிரைகளின் காலை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள். பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். இனிமேல்தான் ஏறப்போகிறார். வாட்ஸப் அனுப்பியவருக்கு இதையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.