கேட்காமல் கொடுத்த தேதிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், ஆறு பேர் குழுவுக்குச் சமீபத்தில்தான் டீம் லீட் ஆனேன். எங்களைக் கேட்காமலே மேலாளர் வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்துவிடுகிறார். தள்ளிப்போனால் "டீம் சரியில்லை" என்கிறார். இப்போது, "இன்னும் இரண்டு பேர் தருகிறேன், தேதி மாறாது" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த இரண்டு பேருக்கு உடனே சரி சொல்லிவிடாதீர்கள். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற கணினி இயங்குதளத்தின் உருவாக்கத்தை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று 1975-லேயே எழுதினார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள், இன்று வேலையை நகர்த்திக்கொண்டிருப்பவர்களேதான். ஆறு பேர் ஒருவரோடொருவர் பேச 15 வழிகள். எட்டுப் பேரானால் 28. டெஸ்டிங் போலத் தனியே பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலை இருந்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதியைப் பற்றி வாடிக்கையாளர் முன்னால் மறுத்துப் பேசவே பேசாதீர்கள். அங்கே மேலாளர் தலைகுனிந்தால், உங்கள் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் எடுபடாது. அவருக்கும் மேலிடத்து நெருக்கடி இருக்கும். கூட்டத்துக்கு முந்தைய நாளே தனியாகப் பாருங்கள். முடியாது என்று சொல்லாமல், முடிவை அவர் கையில் கொடுங்கள்: "15ஆம் தேதிதான் என்றால் லாகினும் பணம் செலுத்தும் பகுதியும் தயாராகிவிடும், ரிப்போர்ட்டுகள் அடுத்த வெளியீட்டில் வரும். எல்லாம் சேர்ந்தே வேண்டுமென்றால் 29ஆம் தேதி. எது முக்கியம் என்று நீங்களே சொல்லுங்கள்."

அன்றே அதை நான்கு வரி மின்னஞ்சலாக, "நாம் பேசியபடி" என்று தொடங்கி அனுப்பிவிடுங்கள். அவருடைய மேலதிகாரியை சிசியில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அது புகாராகிவிடும். அதன்பின் அவர் உங்களிடம் மனம்விட்டுப் பேச மாட்டார்.

பழி வரும்போது குழுவில் ஒருவர் பெயரைக்கூடச் சொல்லாதீர்கள். இதில் நான் மிகவும் கண்டிப்பு. "பொறுப்பு என்னுடையது. மற்ற மென்பொருளோடு இணைப்பதற்கான ஏபிஐ விவரங்கள் நான்கு நாள் தாமதமாக வந்தன, அதனால் டெஸ்டிங் தள்ளிப்போனது" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். காட்டிக்கொடுக்கப்பட்ட பையனோ பெண்ணோ அடுத்த பக்கை (மென்பொருள் பிழையை) உங்களிடம் சொல்லாமல் மறைப்பார்கள். அது புரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் இடத்தில்) வெடிக்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். அதேபோல, மேலாளரைப் பற்றிக் குழுவிடம் குறை பேசாதீர்கள். மாலைக்குள் அவர் காதுக்குப் போய்விடும்.

யார் எதை முடித்தார்கள் என்று வாரம்தோறும் டிக்கெட் எண்ணோடு (ஒவ்வொரு வேலைக்கும் தரப்படும் எண்) குறித்துவையுங்கள். அப்ரைசலில் அவர்களுக்காக வாதாட அது வேண்டும்.

இரண்டு மூன்று வெளியீடுகள் இப்படியே போயும் மாற்றமில்லையென்றால், அந்த மின்னஞ்சல்களோடு மேலதிகாரியைப் பாருங்கள். போகப்போவதை உங்கள் மேலாளரிடம் முதலில் சொல்லிவிட்டே போங்கள்.