சோற்றை விட்டும் சர்க்கரை இறங்கவில்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 54 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். ஒரு மாதமாகக் காலையில் கேழ்வரகுக் கஞ்சி, இரவில் சோற்றுக்குப் பதில் மூன்று சப்பாத்தி. டீக்குக்கூடக் கருப்பட்டிதான். அப்படியும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240 காட்டுகிறது. சில நாள் பயந்து ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிடுகிறேன். எங்கே தப்பு?

பதில்: உங்கள் முயற்சியில் குறை இல்லை அம்மா. யாரோ பாதி சொல்லி, மீதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

சோறும் சப்பாத்தியும் மாவுச்சத்துதான். 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு பிடித்தால், மூன்றில் 60 கிராமைத் தாண்டிவிடும். 200 கிராம் சோற்றில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல், எண்ணிச் சாப்பிடுவதும் சுலபம். அதற்காக அது மருந்தாகிவிடாது. தொட்டுக்கொள்ள என்ன என்று நீங்கள் எழுதவில்லை. உருளைக்கிழங்குக் குருமா என்றால் கணக்கு இன்னும் ஏறும்.

எனக்கு அதிகக் கவலை தருவது கஞ்சிதான். கேழ்வரகு நல்ல தானியம். ஆனால் நைஸாக அரைத்து, குழையக் காய்ச்சிக் குடிக்கும்போது குடலுக்கு வேலையே இல்லை. குளுக்கோஸ் மடமடவென்று ரத்தத்தில் ஏறிவிடும். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்து அடையாகத் தட்டி, மென்று சாப்பிடுங்கள். கூடவே ஒரு முட்டையோ சுண்டலோ இருக்கட்டும். கருப்பட்டியையும் விட்டுவிடுங்கள். அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான்.

இரவில் சப்பாத்தி இரண்டு போதும். முதலில் காய், அடுத்து பருப்பு அல்லது மீன், சப்பாத்தி கடைசியில். சாப்பாட்டை மாற்றாமல் இந்த வரிசையை மட்டும் மாற்றினாலே பலருக்குச் சர்க்கரை ஏறுவது குறைகிறது. சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடங்கள், மொட்டைமாடியில் நடந்தாலும் சரி. ஒரு வாரம் உணவுக்கு முன்பும், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து, சாப்பிட்டதையும் சேர்த்து எழுதி வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது அளவு 180-க்குள் இருந்தால் நல்லது. அந்த நோட்டை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவையே மாற்ற வேண்டியிருக்கலாம். அதை நீங்களாகச் செய்யாதீர்கள்.

அப்புறம், ராத்திரி பட்டினி கிடப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்கள் உணவைத் தவிர்த்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். தூக்கத்தில் தாழ்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியாமல் போகலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை குடியுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.