பழைய உலாவிகளுக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: ஈரோட்டில் போர்வை, துண்டு மொத்த வியாபாரம் செய்கிறேன். எங்கள் இணையதளத்தை வடிவமைத்துப் பராமரிக்கும் நிறுவனம், அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு உலாவியிலும் கடைசி இரண்டு பதிப்புகளில் மட்டுமே தளத்தைச் சோதிப்போம், பழையவற்றுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. அவையும் வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஒரு தொகை தனியாகக் கட்ட வேண்டுமாம். என்னிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்கள் பலரிடம் விண்டோஸ் 7 கணினியும் பழைய போனும்தான் இருக்கின்றன. இது ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று வேலை இல்லை. பழைய உலாவி ஒவ்வொன்றிலும் தளத்தைத் திறந்து பார்த்துச் சரிசெய்ய ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அதற்குக் காசு கேட்பதில் தவறில்லை. ஆனால் 'கடைசி இரண்டு பதிப்புகள்' என்ற வரியில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

குரோம் 2021-ல் நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்ற வேகத்துக்கு மாறியது. அந்தக் கணக்கில் கடைசி இரண்டு பதிப்புகள் என்றால் இரண்டே மாதம். போனில் இடம் இல்லையென்று இரண்டு மாதம் புதுப்பிக்காமல் விட்ட கடைக்காரர்கூட வெளியே நிற்க வேண்டியதுதான். ஐபோனின் சஃபாரிக்குப் பெரிய பதிப்பு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அதே விதி அங்கே இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. இதற்குப் பதிலாக, தளத்தில் எந்த வசதிகளை நம்பிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் 'பேஸ்லைன்' அளவுகோலைக் கேளுங்கள். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ், சஃபாரி நான்கிலும் ஒரு வசதி வந்து சேர்ந்து 30 மாதம் ஆனால்தான் அது 'பரவலாகக் கிடைப்பது' என்று அதில் கணக்கு. உங்கள் வடிவமைப்பாளருக்கு இது தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டியது வேறு விஷயம்.

அடுத்து, உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி குரோம் 109, 2023 ஜனவரியில் வந்தது. ஆண்ட்ராய்டு 7 போன்கள் 119-லேயே நின்றுவிட்டன. ஆண்ட்ராய்டு 8, 9 போன்கள் 138-ல் நிற்கின்றன. தளத்தின் வருகைப் பதிவில் இந்த மூன்று எண்களையும் தேடினால் போதும். ஆண்ட்ராய்டு பதிப்பைப் பார்த்துத் தேடாதீர்கள்; புதிய குரோம் எந்த ஆண்ட்ராய்டு போனில் ஓடினாலும் 'ஆண்ட்ராய்டு 10' என்றே தன்னை அறிவித்துக்கொள்கிறது. இன்னொன்று: கூகுள் அனலிடிக்ஸ் போன்ற கணக்கெடுப்பே ஜாவாஸ்கிரிப்டை நம்பி ஓடுவது. மிகப் பழைய உலாவி அதில் பதிவாகாமலே திரும்பிப் போயிருக்கலாம். ஆகையால் சர்வரின் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள்.

பழைய உலாவியில் தளம் திறக்கவே திறக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு பக்கம் மூன்று பொருள்களால் ஆனது. எழுத்தையும் படத்தையும் தாங்குவது எச்டிஎம்எல். நிறம், அடுக்கு, இடைவெளி எல்லாம் சிஎஸ்எஸ். இந்த இரண்டிலும் தனக்குப் புரியாத வரி வந்தால் உலாவி சத்தமில்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும். போர்வைப் படங்கள் மூன்று மூன்றாக நிற்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், அவ்வளவுதான். யாரும் ஆர்டரை நிறுத்தமாட்டார்கள்.

வில்லங்கம் மூன்றாவதில், அதாவது ஜாவாஸ்கிரிப்டில். அதில் புரியாத ஒரே ஒரு குறி இருந்தாலும் உலாவி அந்தக் கோப்பு முழுவதையும் தூக்கி எறிந்துவிடும். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு குறி இருக்கிறது; 2020-ல்தான் குரோம் 80-க்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் தளத்தில் படங்கள் நகர்வதற்கான சிறு நிரலில் நானே அதைப் போட்டுவிட்டேன். ஆர்டர் படிவமும் அதே கோப்பில் இருந்தது. பழைய போன்களில் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. 'ஆர்டர் அனுப்பு' பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை. ஒருவரும் புகார் சொல்லவில்லை. வேறு கடைக்குப் போயிருப்பார்கள். முதலாளி ஆர்டர் குறைந்திருக்கிறதே என்று கேட்ட பிறகுதான் நான் என் மாமியாரின் பழைய போனை வாங்கிப் பார்த்தேன்.

பழைய உலாவிகளை இப்படிக் கைவிடுவது புதிதும் அல்ல. வலை வடிவமைப்பு நிறுவனமாக 1999-ல் சிகாகோவில் தொடங்கிய 37சிக்னல்ஸ், தன் மென்பொருள்களில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்கான ஆதரவை 2008 ஆகஸ்டில் விலக்கிக்கொண்டது. கூகுள் தன் டாக்ஸில் 2010 மார்ச்சில் அதையே செய்தது. கடைசியில் மைக்ரோசாஃப்டே 2022 ஜூன் 15-ல் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு விடைகொடுத்தது. நமக்கு அதில் ஒரு பழைய கணக்கு உண்டு: யூனிகோடு பரவுவதற்கு முன் பல தமிழ்த் தளங்கள் எக்ஸ்ப்ளோரர் வழியாகத் தங்கள் எழுத்துருவைத் தாங்களே இறக்கிக் காட்டின. வேறு உலாவியில் திறந்தால் செய்திக்குப் பதில் புரியாத குறிகள்தான் வரிசைகட்டி நிற்கும். அந்த உலாவி ஒழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

இனி பணத்துக்கு வருவோம். தளம் முழுவதற்கும் பழைய உலாவிக் கட்டணம் கட்டாதீர்கள். 109, 119, 138 மூன்றிலும் தொலைபேசி எண், முகவரி, விலைப்பட்டியல், ஆர்டர் படிவம் ஆகிய நான்கும் வேலை செய்ய வேண்டும் என்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள். படிவம் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே சர்வருக்குப் போய்ச் சேரும்படி அமைக்கச் சொல்லுங்கள். இணையத்தின் முதல் பத்தாண்டுகளில் படிவங்கள் அப்படித்தான் போயின, இன்றும் போகின்றன. இது ஒருமுறை செய்யும் வேலை. அதற்கு ஒரு தொகை கேட்டால் கொடுங்கள், ஆண்டுச் சந்தாவாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆன்லைனில் பணம் வாங்குகிறீர்கள் என்றால் அந்தப் பக்கத்தில் மட்டும் பழைய உலாவிகளுக்குச் சலுகை கேட்காதீர்கள். அங்கே பழையதை அனுமதிப்பது பாதுகாப்பைத் தளர்த்துவதாகிவிடும்.

கடைக்காரர்களிடம் சொல்லவும் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் குரோமை விட்டுவிட்டு பயர்பாக்ஸின் 115 நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மாறலாம்; குரோம் கைவிட்ட பிறகும் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வந்தன. பழைய ஐபோன் வைத்திருப்பவரிடம் குரோம் இறக்கிக்கொள்ளச் சொல்லிப் பயனில்லை, இந்தியாவில் விற்கும் ஐபோனில் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே பக்கத்தை வரைந்து காட்டுவது சஃபாரியில் இருக்கும் அதே ஆப்பிள் நிரல்தான்.

நிறுவனம் மாற்றங்களைச் செய்து முடித்ததும், உங்கள் கடையில் இருப்பவற்றிலேயே மிகப் பழைய போனை எடுத்து, பத்துப் போர்வைக்கு நீங்களே ஓர் ஆர்டர் போட்டுப் பாருங்கள். அது வந்து சேர்ந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.