புஸ்காஸின் கணுக்கால்

அன்புள்ள ஐயா,

ஹங்கேரிக் கால்பந்தின் ‘தங்க அணி’ பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். 1954 உலகக் கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்றவர்கள்தானே அவர்கள்? மழையும் நடுவரும்தான் கவிழ்த்தார்கள் என்கிறார்களே, உண்மையா? உலகக் கோப்பையே வாங்காத அணிக்கு இவ்வளவு புகழ் எதற்கு?

எம்.

அன்புள்ள எம்.,

மழை பெய்தது உண்மை. கடைசி நிமிடங்களில் ஹங்கேரி அணித் தலைவர் புஸ்காஸ் அடித்த கோலை ஆஃப்சைடு என்று ரத்து செய்ததும் உண்மை, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் எட்டாவது நிமிடத்தில் 2-0 என்று முன்னால் இருந்த அணி அடுத்த பத்தே நிமிடத்தில் 2-2 ஆக விட்டதற்கு நடுவர் என்ன செய்வார்?

என்னைக் கேட்டால் புஸ்காஸின் கணுக்காலைத்தான் சொல்வேன். முதல் சுற்றில் இதே ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கினார்கள், அந்த ஆட்டத்தில் ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர் லீப்ரிக் உதைத்ததில் புஸ்காஸுக்கு அடி. அவர் இல்லாமலே பிரேசிலை 4-2, உருகுவேயைக் கூடுதல் நேரத்தில் 4-2 என்று ஜெயித்துவிட்டு, இறுதி ஆட்டத்துக்கு மட்டும் முழுதாகத் தேறாத மனிதரைப் பயிற்சியாளர் செபெஸ் இறக்கினார். மாற்று ஆட்டக்காரரும் அப்போது கிடையாது. ஆனால் முதல் கோலே புஸ்காஸ் அடித்ததுதான், அதனால் செபெஸைத் திட்டவும் மனம் வரவில்லை.

1950 மே மாதம் ஆஸ்திரியாவிடம் தோற்றபின் இந்த ஆட்டம்வரை, நான்கு வருடம், அதிகாரபூர்வ ஆட்டம் எதிலும் அவர்கள் தோற்கவில்லை. நடுவில் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் தங்கம் வேறு. அரசாங்கமே ஹான்வேட் கிளப்பை ராணுவத்தின் அணியாக்கி நல்ல ஆட்டக்காரர்களை அங்கே குவித்தது, வாரம் முழுக்க சேர்ந்தே ஆடினார்கள். 1956இல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் வந்தபோது அதே ஹான்வேட் வெளிநாட்டில் இருந்தது. புஸ்காஸ், கோச்சிஸ், சிபோர் மூவரும் ஊர் திரும்பவில்லை. அத்தோடு கதை முடிந்தது. (கோச்சிஸும் சிபோரும் 1961 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பார்சிலோனாவுக்கு ஆடினார்கள். 1954 இறுதி ஆட்டம் நடந்த அதே பெர்ன் மைதானம், ஆளுக்கு ஒரு கோல், அதே 3-2 தோல்வி. கதையில் எழுதினால் நம்பமாட்டீர்கள்.)

சரி, புகழ் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். 1953 நவம்பர் 25, வெம்ப்ளி, இங்கிலாந்தை 6-3 என்று வென்றார்கள். ஆறு மாதம் கழித்து புடாபெஸ்ட்டில் 7-1. எண்ணிக்கையைவிட முக்கியம் அடித்த விதம். சென்டர் ஃபார்வர்டு கோலுக்கு முன்னால் நிற்பான், எதிரணி சென்டர் ஹாஃப் அவனைக் காவல் காப்பான் என்பதுதான் அன்றைய கணக்கு. ஒன்பதாம் எண் போட்ட ஹிடெக்குட்டி நடுக்களத்துக்கு இறங்கிப்போய் நின்றார். காவல் காக்க வேண்டிய ஹாரி ஜான்ஸ்டன் பின்னாலேயே போனால் கோலுக்கு முன்னால் கோச்சிஸுக்கும் புஸ்காஸுக்கும் வாசல் திறக்கும், போகாவிட்டால் ஹிடெக்குட்டியைத் தடுக்க ஆளில்லை. அன்று அவருக்கு ஹாட்ரிக், முதல் கோல் முதல் நிமிடத்திலேயே!

அந்த ஆட்டத்தின் படம் இணையத்தில் கிடைக்கிறது. பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஜான்ஸ்டனை மட்டும் கவனியுங்கள், பாவம், எங்கே நிற்பது என்று மனிதருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.